கெடு இல்லாத உத்தரவு

கணவனும் மனைவியும் பிரிந்து, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற கேள்வி குடும்பநல நீதிமன்றத்துக்கு வந்துவிட்டால், மூல வழக்கு முடியப் பல ஆண்டுகள் ஆகலாம். பள்ளிச் சேர்க்கையும் தடுப்பூசியும் அதுவரை காத்திருக்காது. அந்த இடைவெளிக்குத்தான் இடைக்கால உத்தரவு.

இதன் பலம் வேகம். அடி உதை தாங்காமல் கைக்குழந்தையோடு வெளியேறிய பெண், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு கேட்கும் நடுவரிடமே பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பையும் கேட்டுப் பெறலாம். பாட்டி வீட்டுக்கு என்று கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பாத பிள்ளையை ஆஜர்படுத்தச் சொல்ல, 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தில் 12-ஆம் பிரிவு இருக்கிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை விஷயத்தில், தாய் தன் தகுதியை நிரூபிக்க வேண்டியதில்லை, தகுதியில்லை என்று தந்தைதான் காட்ட வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தூரத்தில் இருக்கும் பெற்றோருக்கு வீடியோ அழைப்பு உரிமை உண்டு என்று 2020-இல் சொன்னது.

பலவீனமும் அதே வேகத்தில்தான் இருக்கிறது. இடைக்கால மனு பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களை வைத்தே முடிவாகிறது. சாட்சிக் கூண்டும் குறுக்கு விசாரணையும் பிறகுதான். "குடிகாரர்", "மனநிலை சரியில்லாதவர்" என்று இரு தரப்பும் எழுதித் தள்ள, எதையும் சோதிக்க முடியாத நீதிபதி ஆபத்தில்லாத வழியைத் தேர்கிறார்: சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை, நீதிமன்ற வளாகத்தில் சந்திப்பு. வாரம் இரண்டு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 104 மணி நேரம். முழுதாக ஐந்து நாள்கூட இல்லை. பெஞ்சில் பிஸ்கட் பாக்கெட்டோடு காத்திருக்கும் தந்தையிடம் போகாமல் பிள்ளை தாயின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டால், "குழந்தைக்கே விருப்பமில்லை" என்பது அடுத்த எதிர்மனுவில் ஒரு பத்தியாகிறது. உத்தரவு உண்டாக்கிய விலகலே உத்தரவுக்குச் சாட்சியம் சொல்கிறது.

பிறகு வாய்தாக்கள். மூல வழக்கு விசாரணைக்கு வரும்போது, "பழகிய இடத்திலிருந்து பிள்ளையைப் பிடுங்க வேண்டாம்" என்ற வாதம் தயாராக நிற்கும். பிள்ளையின் நிலையான வாழ்க்கை முக்கியம்தான். மாதத்துக்கொரு வீடு மாற்றுவது கொடுமை. ஆனால் தாமதத்தால் கிடைத்த நிலைத்தன்மை, இழுத்தடித்தவருக்குக் கிடைத்த பரிசாகவும் இருக்கலாம்.

பொறுப்பு குறித்த எந்த உத்தரவும் அன்றைய சூழலுக்கானதே, பின்னர் மாற்றத்தக்கதே என்று 1973-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தில் இறுதி உத்தரவே மாறலாம்; நடைமுறையில் இடைக்கால உத்தரவே அசைவதில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, பிள்ளையின் பராமரிப்பு, படிப்புச் செலவு மனுக்களைக் கூடியவரை 60 நாட்களுக்குள் முடிக்கச் சொல்கிறது. பொறுப்பு கேட்கும் மனுவுக்கு அந்தக் கெடு இல்லை. குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவுக்கு மேல்முறையீடும் கிடையாது. அதை எதிர்க்க உயர் நீதிமன்றப் படியேற வேண்டும். அதற்கு வக்கீல் கட்டணம் கொடுக்க முடிந்தவர் எத்தனை பேர்?

ஆகவே இடைக்கால உத்தரவைக் குறை சொல்லி ஒழிப்பதல்ல தீர்வு. வன்முறைக்கு ஆளானவருக்கு அது உயிர்நாடி. அதற்குள்ளேயே மறுஆய்வுத் தேதியை எழுத வேண்டும். புகாருக்கு முகாந்திரம் இல்லையெனில் சந்திப்பு இரண்டு மணி நேரத்திலிருந்து முழு நாளாக, பிறகு இரவுத் தங்கலாக வளரும் படிநிலையும் அதில் இருக்க வேண்டும். அந்தத் தேதியில் வாய்தா கேட்பவர், தாமதம் பிள்ளைக்கு எப்படி நல்லது என்று எழுத்தில் காரணம் சொல்லட்டும்.