கைத்தடியைப் பிடுங்கியது யார்?

மம்மி என்றதும் எகிப்துதான் நினைவுக்கு வருகிறது. நான் பேச விரும்புவது சீனத்துப் பெண்ணொருத்தியைப் பற்றி. ஹுனான் மாகாணத்தில், சாங்ஷா நகரை ஒட்டிய மாவாங்துய் மேட்டில் 1972இல் அவளது கல்லறை திறக்கப்பட்டது. கரியும் வெண்களிமண்ணும் காற்றுப் புகாமல் காத்ததால், இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் தோல் மென்மையாக இருந்தது, மூட்டுகள் மடங்கின.

உலகம் அவளை 'டாய் சீமாட்டி' என்கிறது. டாய் என்பது கணவன் லி சாங் பெற்ற பிரபுப் பட்டம். சின் ஜுயி என்ற அவளுடைய பெயரைத் தந்தது கல்லறையில் கிடைத்த முத்திரை. அதிலும் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து நிற்கிறது: பெண் தன்னைத் தாழ்த்தி, 'அடியவள்' என்று சொல்லிக்கொள்ளும் எழுத்து.

உடற்கூறாய்வு அவளை வேறுவிதமாக அறிமுகப்படுத்தியது. வயது ஐம்பதை ஒட்டியது. இதயத் தமனிகளில் அடைப்பு, பித்தக்கற்கள், பழுதான இடுப்பு முள்ளெலும்பு வட்டு. உணவுப் பாதையில் 138 முலாம்பழ விதைகள்: பழம் விளையும் பருவத்தில், சாப்பிட்ட சில மணி நேரத்தில் இறந்திருக்கிறாள். உடலில் சாட்டைப்புழு, ஊசிப்புழு முட்டைகளும், நன்னீர் நத்தைகள் வழியே பரவும் ரத்தப்புழுவின் முட்டைகளும் இருந்தன. அரக்குப் பாத்திரத்தில் உண்டவளையும் ஊரின் மண்ணும் தண்ணீரும் விடவில்லை.

ஆனால் அவளுக்குச் சமைத்தவர்களின் உடல் நம்மிடம் இல்லை. அவளோடு புதைக்கப்பட்ட பட்டு மேலங்கி ஒன்றின் எடை வெறும் 49 கிராம். அதை நெய்த கைகளின் கண்ணும் முதுகும் என்ன ஆயின என்று எந்த எக்ஸ்ரேயும் சொல்லாது. மம்மி ஆய்வு 'பண்டைய மனித வாழ்வை' காட்டுகிறது என்று படிக்கும்போதெல்லாம், எந்த மனிதர்களின் வாழ்வை என்று கேட்கத் தோன்றுகிறது.

காட்டிய வாழ்வையாவது ஏற்கிறோமா? சவப்பெட்டியின் மேல் விரித்திருந்த பட்டு ஓவியத்தில் அவள் கைத்தடி ஊன்றி நிற்கிறாள், பின்னால் பணிப்பெண்கள். எக்ஸ்ரே சொன்ன இடுப்பு நோயை ஓவியர் அன்றே சொல்லிவிட்டார். முதுமை அங்கே குறையாக இல்லை. அவளை அடையாளம் காட்டுவதே அதுதான்.

2024இல் ஹுனான் அருங்காட்சியகம் அவளுடைய டிஜிட்டல் உருவத்தை வெளியிட்டது. வயது 35. பொலிவான முகம். மண்டையோட்டை வைத்து முகத்தை ஊகிப்பதில் அறிவியல் இருக்கிறது. ஐம்பதிலிருந்து பதினைந்து ஆண்டுகளைக் கழிப்பதில் இருப்பது விருப்பம். பெண் பார்க்கத் தகுந்தவளாக இருந்தால்தான் நினைக்கத் தகுந்தவள் என்கிற பழைய விருப்பம். நோயும் வலியும் வயதும் சேர்ந்த அந்த உடலைத் தோண்டி எடுத்த ஆய்வின் பெயராலேயே, அதை மறுபடி புதைக்கிறோம்.

ஒரு மம்மியின் 'மீட்டெடுத்த முகம்' செய்தியில் வந்தால், தோழிகளே, அழகாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். ஆய்வறிக்கையில் இருந்தவற்றில் எதெல்லாம் அந்த முகத்தில் இல்லை என்று பாருங்கள்.