நிரல்மொழித் தேர்வும் தமிழ் எழுத்திலக்கணமும்

கணிப்பொறியின் துணைகொண்டு பழந்தமிழ் நூல்களை ஆராயும் முயற்சி இந்நாளில் தமிழ்த்துறைகளிற் பெருகி வருகின்றது. சொல்லடைவு ஆக்குதல், யாப்பமைதி காணுதல், எழுத்துக்களின் வருகையைக் கணக்கிடுதல் ஆகியன இம்முயற்சியின்பாற் படும். இவற்றை மேற்கொள்ளும் மாணவர் முதற்கண் ஒரு நிரல்மொழியையும், அம்மொழியில் எழுதியதைப் பொறி அறியும் குறிகளாகப் பெயர்த்துத் தரும் தொகுப்பியையும், இவை இயங்கும் சூழலையும் தேர்ந்துகொள்ளல் வேண்டும். அத்தேர்வு பெரும்பாலும் விரைவையும் தொழில்வாய்ப்பையும் நோக்கியே நிகழ்கின்றது. தமிழ் எழுத்தின் இயல்பை அக்கருவி அறியுமா என்னும் வினாவோ எழுவது அரிது. அவ்வினாவே தலையாயது என்பதை இக்கட்டுரையில் நிறுவ முயல்வோம்.

‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துக்கள் உள? மூன்று என்பர் இலக்கணம் கற்றோர். இதனையே யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் எழுதிச் சி மொழியின் இயல்பான நீள அளவையிடம் கேட்பின் 15 என விடை வரும். அஃது எழுத்தை எண்ணாது பைட்டுக்களை எண்ணுதலின். ஜாவாவும் பைத்தானும் 5 என்னும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி ஆகிய ஐந்தும் ஒருங்குறியில் தனித்தனி இடம் பெற்றமையே இதற்குக் காரணமாம். ஸ்விஃப்ட் மொழியோ, அடுத்து வரும் குறிகளை முதலெழுத்தோடு சேர்த்தெண்ணும் இயல்பினதாய், 3 என்று கூறும். பைத்தானிலும் ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரலகத்தைச் சேர்த்துக்கொள்வார்க்கு இவ்விடை கிட்டும். எனவே, நூலின் எழுத்துத்தொகையை ஆய்வேட்டிற் குறிப்போர், எக்கருவியால் எதனை எண்ணினோம் என்பதையும் உடன்குறித்தல் கடனாகும். அன்றேல் அவர் தரும் எண் எதன் எண் என்பது விளங்காது.

இனி, கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றுவன கணிப்பொறிக்கு வேறாதலும் உண்டு. ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என ஒருங்குறி நெறி கூறினும், பைத்தான் முன்னரே சீர்செய்து தரப்பட்டாலன்றி அவற்றை வேறெனவே கொள்ளும். ‘ஔவை’ என்பதனை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிடும் பிழையோ எக்கருவியாலும் தானே நீங்காது. திஸ்கி, டாம், டாப் முதலிய பழைய குறியாக்கங்களில் அமைந்த கோப்புக்களை ஒருங்குறிக்கு மாற்றுங்காலும் இத்தகைய இடர்கள் நேரும். பொள்ளாச்சிப் பாதை மீட்டர் பாதையாய் இருந்த காலத்தில், போத்தனூர்ச் சந்திப்பில் ஒரு பாதையின் வண்டி மற்றொரு பாதையில் ஓடாது. சரக்கினை இறக்கி ஏற்றுதலே வழி. இறக்கி ஏற்றுமிடத்திற் சரக்கு சிதறாமற் காப்பது போன்றதே குறியாக்க மாற்றத்திற் பாடத்தைக் காக்கும் பணி. 2010இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நிகழ்ந்த ஆண்டிலேயே, தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், உயிர்மெய் ஒவ்வொன்றற்கும் தனியிடம் தரும் 16 துணுக்குக் குறியாக்கத்தையும் ஏற்றது. எனினும் இன்று உலகெங்கும் வழங்குவது ஒருங்குறியே ஆதலின், அதனை நன்கு கையாளும் சூழலையே நாடுதல் தகும்.

அகரநிரலிலும் இக்குறை காணப்படும். ஒருங்குறி வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. ஆதலின் குறி எண்ணின்படி அடுக்கும் கருவி ‘மனை’யை ‘மலை’க்கு முன் வைக்கும், நம் நெடுங்கணக்கிலோ னகரம் இறுதி மெய்யாம். தமிழ் வரிசை கூறும் விதித்தொகுதியைத் தனியே இணைத்தாலன்றிச் சொல்லடைவு சிதைந்தே அமையும். சொற்பிரிப்பில் நேர்வது இதனினும் கொடிது. பைத்தானின் உள்ளமைந்த வடிவத்தேடற் கருவி, சொல்லெழுத்துக்களைத் தேடுமாறு பணித்தால், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தெனக் கொள்ளாமல் ‘தமிழ்’ என்பதைத் ‘தம’ எனவும் ‘ழ’ எனவும் வெட்டிவிடும். பெர்ல் மொழி அங்ஙனம் வெட்டுவதில்லை. பைத்தானைக் கைவிட வேண்டா. இடைவெளியைக் கொண்டு பிரித்தலும், வேறு தேடல் நிரலகத்தைப் பயன்படுத்தலும் இதற்குப் பரிகாரமாகும். ஆயினும் குறையை அறிந்தாரே பரிகாரம் தேடுவர்.

தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதலாகாதோ என்பார்க்கு, 2009இல் முத்து அண்ணாமலை கட்டுரை வாயிலாக அறிமுகம் செய்த ‘எழில்’ விடையாக நிற்கின்றது. அதன் நிபந்தனைத் தொடரில் நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ என்னுஞ் சொல் பின்னும் வருகின்றன. இது தமிழ்த் தொடரியலோடு பொருந்திய அமைப்பு. இற்றை வழக்கில் எதிர்மறுப்பு இடைச்சொல்லாய் நிற்கும் ‘ஆனால்’ அங்குத் தன் பழைய நிபந்தனைப் பொருளை மீளப் பெறுதல் பாராட்டற்குரியது. எனினும் ‘பதிப்பி’ என்னும் ஏவல், செயப்படுபொருட்கு முன் நிற்பது தமிழின் இயல்பான முறையன்று. ஒரு நிபந்தனை நிலைக்குந்துணையும் திரும்பத் திரும்ப நிகழும் செயலுக்கு ‘வரை’ என்னுஞ் சொல்லை இட்டிருத்தலும் ஆராயத்தக்கது. வரை என்பது எல்லை குறிக்கும் சொல். ‘உள்ளவரை’ என்புழித் தொடர்ச்சியும், ‘முடியும்வரை’ என்புழி முடிவெல்லையும் அதனோடு சேர்ந்த எச்சத்தாலேயே பெறப்படும். எச்சமின்றித் தனித்து நின்ற ‘வரை’ எப்பொருளது என மாணவர் மயங்குவர். கலைச்சொல்லாக்கத்தில் தமிழாசிரியர் பங்கு கொள்ளல் வேண்டும் என்பதற்கு இஃதொரு சான்று. கற்பித்தற்கு எழில் பெரிதும் ஏற்றது. பேராய்வுக்கு, நிரலகங்கள் மிகுந்த மொழியே இப்பொழுது துணையாகும்.

தொகுப்பி உடைய மொழிகள் விரைந்து இயங்கும் என்பது மெய்யே. ஆயின் திருக்குறள் முழுமையும் 1330 குறள். குறளுக்கு ஏழு சீராக 9310 சீர்களே. இத்துணைச் சிறிய பாடத்திற்கு, நிரலை வரிவரியாகப் பெயர்த்து இயக்கும் சூழலின் விரைவும் எஞ்சியே நிற்கும். கோடிக்கணக்கான சொற்களைக் கொண்ட தரவகத்தை ஆராய்வார்க்கே விரைவு உண்மையான வினாவாகும். ஏனையோர் எழுத்தெண்ணல், குறிச்சீர்மை, அகரநிரல், சொற்பிரிப்பு என்னும் நான்கு தேர்வுகளையும் சிறு பாடம் ஒன்றில் நடத்திப் பார்த்துப் பின்னரே கருவியைக் கொள்வாராக.

இவற்றில் எல்லாம் தேறிய கருவியும் இலக்கணம் அறியாது. ‘நடு’, ‘நாடு’ என்னும் இரண்டன் ஈற்றிலும் நிற்கும் டுகரம் கணிப்பொறிக்கு ஒன்றே. தனிக்குறிலை அடுத்தமையின் முன்னது முற்றியலுகரம். நெடிலைத் தொடர்ந்தமையின் பின்னது அரைமாத்திரையாய்க் குறுகிய குற்றியலுகரம். இவ்வேறுபாட்டை நிரலில் எழுதித் தருதல் வேண்டும். அதனை எழுத வல்லவர் எழுத்ததிகாரம் கற்றவரே. கருவியைத் தேர்தல் கணிப்பொறியாளர்க்கே உரியது என ஒதுங்கி நிற்கும் தமிழ் மாணவர், தம் ஆய்வின் முடிவுகளையும் அவர்பால் ஒப்படைத்தவராவர் என்க.