அரசர் மட்டும் பேசுகிறார்

மார்க் ட்வைன் 1905இல் எழுதிய ‘கிங் லியோபோல்ட்ஸ் சொலிலோக்வி’ சின்னப் பிரசுரம்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். இரண்டாம் லியோபோல்ட் பெல்ஜியத்தில் நாடாளுமன்றத்துக்குக் கட்டுப்பட்ட அரசர். காங்கோவிலோ, 1885 முதல் 1908 வரை, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத தனி முதலாளி. சிப்பாய்கள் சுட்ட தோட்டாவுக்குக் கணக்குக் காட்ட, வெட்டிய கைகளைக் கொண்டுவந்த ஆட்சி அது.

ட்வைன் அவரையே புலம்ப விடுகிறார். எல்லாரையும் சரிக்கட்டியாச்சு, இந்தக் கோடாக் கேமராவைத்தான் விலைக்கு வாங்க முடியலை என்று மனுஷன் அலுத்துக்கொள்ளும் இடத்தில் சிரித்துவிட்டேன்.

அப்புறம்தான் உறுத்தியது. 1904இல் ஆலிஸ் சீலி ஹாரிஸ் எடுத்த படத்தில் ன்சாலா என்பவர், தன் மகளின் வெட்டப்பட்ட கையையும் பாதத்தையும் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். ட்வைனிடம் அவரைப் போன்றவர்கள், அரசர் எரிச்சலோடு வாசித்துக்காட்டும் அறிக்கைகளுக்குள்தான் வருகிறார்கள். அவரே அமைத்த விசாரணைக் குழுவிடம் காங்கோ மக்கள் பலர் நேரில் சாட்சி சொன்னார்கள். குழுவின் அறிக்கை 1905இல் வெளியானது. சாட்சியங்களை வெளியிடவில்லை, பல பத்தாண்டுகள் காப்பகத்தில் பூட்டியே கிடந்தன.

அவை கிடைத்திருந்தால் ட்வைன் வேறு யாரையாவது பேச விட்டிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். அரசர் அவ்வளவு நல்ல கதாபாத்திரம்.