குதிரைத்திறன் படகை மிதக்க வைக்காது

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆறு கடலோடு கலக்கும் பகுதியைச் சுற்றிப் பரந்த சதுப்பு நிலங்கள் உள்ளன. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து காட்டு வாத்துகள் பெருங்கூட்டமாக அங்கு வந்து தங்குகின்றன. உரிமம் பெற்றவர்கள் குறிப்பிட்ட பருவத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் அவற்றை வேட்டையாட அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் இத்தகைய வேட்டையைத் தடை செய்துள்ளன. எனினும் அந்தச் சேற்று நீரில் செல்லும் படகும் மோட்டாரும் பௌதிக மாணவரின் கவனத்துக்கு உரியவை. அவற்றைப் பற்றிய விளம்பரங்களோ நம் கண்டனத்துக்கு உரியவை.

இவ்விளம்பரங்களில் இரண்டு எண்கள் பெரிதாகக் காட்டப்படுகின்றன. ஒன்று மோட்டாரின் குதிரைத்திறன். மற்றொன்று, படகு ஓடுவதற்குப் போதுமான நீரின் ஆழம். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர், மோட்டாரின் வலிமை மிகுந்தால் குறைந்த நீரே போதும் என்று முடிவு செய்துவிடுகிறார். இது சரிதானா?

ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நினைவுகூர்வோம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை இடம் பெயர்க்கும். 4.2 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட தட்டை அடிப்பாகமுள்ள ஓர் அலுமினியப் படகை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்பரப்பு ஏறத்தாழ 5 சதுர மீட்டர். அது 1 செ.மீ. அமிழ்ந்தால் 50 லிட்டர், அதாவது 50 கி.கி. நீரை இடம் பெயர்க்கும். படகு 150 கி.கி., மோட்டார் 70 கி.கி., ஆட்கள் இருவர் 160 கி.கி., எரிபொருள், துப்பாக்கி, பொம்மை வாத்துகள், நாய் ஆகியவை 70 கி.கி. என்று கொண்டால் மொத்தம் 450 கி.கி. ஆகவே படகு 9 செ.மீ. அமிழும். இக்கணக்கில் குதிரைத்திறன் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மோட்டாரின் எடை மட்டுமே வருகிறது.

இனி, மேலும் 50 கி.கி. கனமான பெரிய மோட்டாரை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அமிழும் ஆழம் சராசரியாக 1 செ.மீ. தான் கூடும். ஆனால் மோட்டார் பொருத்தப்படுவது படகின் நடுவில் அன்று, பின்முனையில். எனவே முன்முனை உயர, பின்முனை ஏறத்தாழ 4 செ.மீ. தாழ்கிறது. முதலில் தரை தட்டுவதும் அப்பின்முனையே. ஆழமற்ற நீருக்கென்று அதிக விலை கொடுத்து வாங்கிய வலிமை, படகை இன்னும் ஆழமான நீருக்குத் துரத்துகிறது!

அப்படியானால் விளம்பரம் கூறுவது பொய்யா? முழுப் பொய்யன்று, பாதி உண்மை. வேகமாக ஓடும்போது தட்டை அடிப்பாகம் நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அதன் எதிர்வினையால் படகு மேலெழும்பி நீர்ப்பரப்பின் மேல் வழுக்கிச் செல்கிறது. விளம்பரத்தின் ஆழம் இந்த நிலைக்குரியது. படகு நின்றதும் அந்தத் தூக்குவிசை மறைந்து, பழைய 9 செ.மீ. திரும்பிவிடும். வேடரோ நின்றாக வேண்டியவர். மோட்டாரை நிறுத்தி, படகின் ஓட்டமும் அடங்கிய பின்னரே சுடலாம் என்பது அந்நாட்டின் கூட்டரசு விதி. ஆகவே அவருக்குத் தேவையான எண், ஓடும் படகின் ஆழமன்று. நிற்கும் படகின் ஆழமே.

மோட்டார்களின் அமைப்பில் பாராட்டத் தக்கவை இல்லாமல் இல்லை. சாதாரண வெளிப்புற மோட்டாரின் புரொப்பெல்லர் படகின் அடிமட்டத்துக்குக் கீழே சுழல்கிறது. குளிர்விக்கும் நீரையும் கீழிருந்தே உறிஞ்சுகிறது. சேறும் பாசியும் அந்தத் துளையை அடைத்தால் இயந்திரம் சூடேறிக் கெடும். தாய்லாந்துக் கால்வாய்களில் நெடுங்காலமாக ஓடும் நீள்வால் படகுகளில் நீண்ட தண்டின் நுனியில் புரொப்பெல்லர் நீர்மட்டத்தை ஒட்டிச் சுழல்கிறது. இதே அமைப்புடன், காற்றால் குளிரும் இயந்திரத்தைக் கொண்ட மோட்டார் 1970களின் பிற்பகுதியில் லூசியானாவில் ‘கோ-டெவில்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அடிமரம் தடுத்தால் தண்டு மேலே ஏறித் தாண்டிவிடும். ஆயினும் நீண்ட தண்டைத் திருப்பக் கைவலிமை வேண்டும். இக்குறையைப் பிற்காலத்துக் குட்டைத் தண்டு மோட்டார்கள் ஓரளவு நீக்கின; அவற்றில் பல நீள்வால் மோட்டாரைவிடக் கனமானவை. அதாவது, மீண்டும் நம் பழைய கணக்கே.

இது வெறும் வணிகக் குறையன்று, உயிர்ப் பிரச்சினை. பக்கச்சுவர் தாழ்வான படகில் பின்முனை அமிழ அமிழ, நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் சுவரின் உயரம் குறைகிறது. திடீரென்று நிறுத்தினால் பின்தொடரும் அலையே உள்ளே புகுந்துவிடும். வாத்து வேட்டை குளிர்காலத்தில் நடப்பது. குளிர்ந்த நீரில் விழுந்தவரின் கைகள் சில நிமிடங்களிலேயே வலுவிழக்கும். நீச்சல் அறிந்தவரும் மூழ்குவது இதனால்தான். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான இத்தகைய மோட்டார்ப் படகுகளில், ஏற்றத்தக்க உச்ச எடையைக் குறிக்கும் தகடு பொருத்தப்பட வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வர வேண்டியது அந்தத் தகட்டின் எண்ணே!

ஆகவே தேர்வின் வரிசை தலைகீழாக மாற வேண்டும். முதலில் ஏற்றப்போகும் எடையைக் கூட்டுக. அதனைத் தாங்கும் அடிப்பரப்பைக் கணக்கிடுக. பக்கச்சுவரின் உயரத்தைப் பார்க்க. அதன் பிறகே அந்தப் படகுக்கு ஏற்ற மோட்டாரைத் தேடுக.

வாசகர்களே, இதைச் சோதித்துப் பார்க்கப் படகு வேண்டாம். விளிம்புள்ள நீள்சதுரத் தட்டு ஒன்றைத் தொட்டி நீரில் மிதக்க விட்டு, ஒரு கூழாங்கல்லை முதலில் நடுவிலும் பிறகு ஓர் ஓரத்திலும் வையுங்கள். அந்த ஓரம் எவ்வளவு தாழ்கிறது என்று அளவுகோலால் அளந்து பாருங்கள்.