குதிரை தாண்டாத ஓரம்

மைசூரை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868), குதிரை 64 கட்டங்களிலும் ஒரு முறை மட்டுமே கால்வைக்கும் பாதைகளை வகுப்பதில் பெரும் மோகம் கொண்டவர். குதிரையை ஓரம் தாண்டாமல் நடத்தும் அந்தக் கவனத்தைச் சதுரங்க எஞ்சின்களின் எடுபிடி நிரல்களில் கண்டு ரசிக்கிறேன்.

எஞ்சின் என்றாலே எல்லோரும் அதன் தேடலைப் புகழ்வார்கள். எனக்குப் பிடித்தது உள்ளீட்டைப் படிக்கும் சின்னக் கோப்புதான். எஞ்சினுடன் பேசுவதற்கென 2000-இல் வந்த யூசிஐ நெறிமுறையில் நகர்த்தல் ‘இ2இ4’ என எழுத்தாகவே வரும். ஏ1-ஐ 0 என்றும் ஹெச்8-ஐ 63 என்றும் எண்ணும் எஞ்சினில் இ2 என்பது 12. இந்த மாற்றுக் கணக்கு நாலு கோப்புகளில் சிதறிக் கிடந்தால் பிழை எங்கே என்று தேடி மாளாது. ஹெச்1-இல் (7) நிற்கும் குதிரையை இரண்டு கட்டம் மேலே, ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்த்த 17 கூட்டுங்கள்: 24, அதாவது ஏ4! பலகையின் வலது ஓரத்தில் மறைந்து இடது ஓரத்தில் முளைத்துவிடும். அதைத் தடுக்கும் சோதனையை ஒரே செயற்கூறில் வைத்து, அதற்குத் தெளிவான பெயரும் சூட்டியவரின் கை தேர்ந்த கை.

இன்னொன்று: எஞ்சின் ஆழ்ந்து யோசிக்கும்போதும் ‘ஸ்டாப்’ என்ற கட்டளை காதில் விழவேண்டும், புரியாத சொல் வந்தால் கலங்காமல் அடுத்ததைப் படிக்கவேண்டும். நெறிமுறையே இப்படித்தான் கேட்கிறது. அந்தப் பொறுமையை முப்பது வரிக்குள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மீண்டும் ஒருமுறை வாசிக்கத் தோன்றும்.