தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்: வரவேற்பும் மதிப்பீடும்

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானா, ராப், ராக் ஆகியவற்றைக் கலந்து சாதி எதிர்ப்புப் பாடல்களைப் பாடிய சென்னை இசைக்குழு. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து இதை உருவாக்கின. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதி பேதமற்ற தமிழர் என்ற கருத்தே குழுவின் பெயருக்கு அடிப்படை.

அரங்கேற்றம்

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 19 பேர் மேடையேறினர். சபாக்களின் கச்சேரிப் பருவமான மார்கழி அப்போது முடிந்திருக்கவில்லை. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட வடசென்னைக் கானா, அந்த மாதத்திலேயே திறந்தவெளியில் தனக்கென ஒரு மேடை போட்டுக்கொண்டது.

வரவேற்பு

ஊடகங்கள் இதைப் பெரும்பாலும் அரசியல் குழுவாகவே அறிமுகப்படுத்தின. இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி போன்ற பாடுபொருள்களே அதிகம் பேசப்பட்டன. எதிர்ப்பும் சொற்களைச் சுற்றியே எழுந்தது. சபரிமலைத் தீர்ப்பு வெளிவந்த 2018இல் இசைவாணி பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாடல் மீது 2024 நவம்பரில் காவல்துறையில் புகார்கள் அளிக்கப்பட்டன. பாராட்டியவர்கள், எதிர்த்தவர்கள் இரு தரப்பினருமே வரிகளைப் படித்த அளவுக்கு இசையைக் கேட்கவில்லை.

மதிப்பீடு

இக்குழுவின் வாதம் வரிகளில் மட்டும் இல்லை, வாத்தியங்களின் வரிசையிலும் இருக்கிறது. திரையிசையில் திருவிழாவையோ சாவையோ காட்டுவதற்குச் சிறிது நேரம் வந்து போகும் பறை, இங்கே சட்டியோடும் கட்டை மோளத்தோடும் சேர்ந்து பாடலைத் தாங்குகிறது. மின்கிதார் கானாவுக்குக் கௌரவம் சேர்க்க வரவில்லை. அதன் தாளத்துக்குக் கட்டுப்பட்டே ஒலிக்கிறது. ஆண்களின் களமாக இருந்த கானாவில் இசைவாணியின் குரல் உண்டாக்கிய மாற்றமும் இசை சார்ந்ததே. 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார்.

குறையும் உண்டு. சில பாடல்களில் கருத்து விளக்கவுரையாக நீள்கிறது. கானாவுக்கே உரிய நக்கல் அங்கே மங்கிவிடுகிறது. ஆனால் இந்தக் குறையைச் சொல்லவும் பாட்டைப் பாட்டாகக் கேட்டிருக்க வேண்டும். சபாக் கச்சேரி விமர்சனத்தில் ராகமும் தாளமும் அலசப்படுகின்றன. கானாவுக்கோ 'சமூக அக்கறை' என்ற ஒரு வரிப் பாராட்டோடு முடித்துவிடுகிறோம். சலுகை மதிப்பெண் போடாமல் இசையை இசையாக எடைபோடுவதே இக்குழுவுக்குச் செய்யும் மரியாதை. அது கேட்ட சமத்துவமும் அதுதான்.