சீராளனின் நகை

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் சிதம்பரம் ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேற்றியதாக மரபு கூறும் பெரியபுராணத்தைப் பக்திநூல் எனப் போற்றுவோர் பலர். அதில் சிந்தும் குருதியை நேர்நின்று நோக்குவோர் சிலரே. கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர், கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறிய வரலாறு நமக்கு எளிதில் உவப்பாகிறது. அங்கே கொல்ல முயல்பவன் அரசன், காப்பவன் இறைவன். சிறுத்தொண்டர் வரலாற்றிலோ பிள்ளைக்கறி கேட்பவனே இறைவன், அரிபவர் தந்தை.

தாய் பிடிக்க, தந்தை அரிய, இருவரும் மனமுவந்து சமைத்தல் வேண்டும் என்பது பைரவ அடியாரின் நிபந்தனை. பெற்றோர் மகிழ்கின்றனர் என்றெண்ணிச் சீராளனும் நகைக்கிறான். புலவரின் ஆற்றலும் நமது கலக்கமும் அந்நகையில் ஒன்றுகூடுகின்றன. ஈற்றில் பிள்ளை உயிரோடு ஓடிவந்தபோதிலும் அந்நகை நெஞ்சைவிட்டு அகல்வதில்லை.

மோரியாவில் கத்தி தடுக்கப்பட்டதே என்று நாம் பெருமை கொள்ளலாகாது. ஆதியாகமம் 22ஐ வாசிப்போர் நியாயாதிபதிகள் 11ஐயும் வாசிக்கக் கடவர். யெப்தாவின் மகளுக்காக வானத்திலிருந்து குரல் எழவில்லை. அவள் மீண்டு வரவுமில்லை.

எதையும் எஞ்சவிடாத அர்ப்பணம் நம்மை ஈர்க்கிறது. அர்ப்பணிக்கப்படுவது பிறர் உயிர் என்பதே நம்மை நடுங்கச் செய்கிறது. இந்நடுக்கத்தை உருவகப் பொருள் கூறித் தணித்துவிடுவது பிரசங்கியாருக்கு எளிது, நேர்மையன்று. ஊழியத்திற்காக யாவையும் இழந்தேன் என்போர், உண்மையில் இழந்தவர் தாமா, தம் பிள்ளைகளா என்று கேட்டறிவாராக. சேக்கிழார் அப்பிள்ளையின் நகையை மறைக்கவில்லை. நாமும் மறைத்தல் தகாது.